ஜோடி பிரியாத முப்பது நாள்

முப்பது நாள்தான் கேட்டார்கள். இரண்டு மெமரி கார்டுகள் முப்பது நாள் பிரியாமல் சேர்ந்து ஓடிவிட்டால் நான் என் வீட்டுக்குப் போகலாம். அந்த முப்பது நாள் என் கைக்கு வருவதற்கு அரை வருஷம் ஆயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் முதலில் எரிச்சல்தான் வருகிறது, சிரிப்பு அப்புறம்தான்.

எண்பதுகளின் கடைசி. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில், பேர் சொல்ல வேண்டாத ஒரு கிராமத்தில், எலெக்ட்ரானிக் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றை நிறுவ என்னை அனுப்பினார்கள். நூறு இணைப்பு. அதுவரை அங்கே இருந்தது ஒயரைச் சொருகிச் சொருகி எடுக்கிற பழைய போர்டு. புது இயந்திரத்தை நிறுத்தி, ஓட்டிக் காட்டிவிட்டு வந்தால் போதும், இரண்டு மாசத்து வேலை என்றார்கள். என் கணவரும் மகளும் வேலூரில். மகளுக்கு ஐந்து வயது முடியப் போகிறது, ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறக்கிற முதல் நாள் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போவேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். அடுத்த தெருவில் இருந்த என் நாத்தனார் அவளைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவருக்குக் குழந்தை இல்லை, ஆகையால் அந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், என்னைத் தவிர.

இயந்திரம் என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு ரேக். அதற்குள் தட்டுத் தட்டாகப் பச்சை கார்டுகள். அவற்றில் இரண்டுதான் என் கழுத்தை அறுத்தவை. ஏ, பி என்று இரண்டு மெமரி கார்டுகள். எந்த நம்பர் யாருடையது, எந்த ஒயர் எந்த வீட்டுக்குப் போகிறது, இந்த நிமிஷம் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள், எல்லாம் அவற்றில்தான் இருக்கும். ஏ எழுதிக்கொள்வதையெல்லாம் பி-யும் அதே நொடியில் எழுதிக்கொள்ளும். ஏ படுத்துவிட்டால் பி எடுத்துக்கொள்ளும், பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இப்படி ஒன்றுக்கு இரண்டாக வைத்தால்தான் ஆள் இல்லாமல் இயந்திரத்தை விட்டுவிட்டுப் போக முடியும். இதை விளக்கியபோது என் அதிகாரி, பக்கத்து உத்திரமேரூர்க் கோயிலில் கல்லில் வெட்டி வைத்த தேர்தல் விதிகள் ஆயிரம் வருஷமாக நகல் இல்லாமலே நிற்கின்றனவே என்று சிரித்தார். சிரிக்கலாம், அவர் காஞ்சிபுரத்தில் குடும்பத்தோடு இருந்தார்.

கார்டைச் சொருகுவதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு அதன் ஒயரை எர்த்தில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் நம் உடம்பில் இருக்கிற மின்சாரமே கார்டைக் கொன்றுவிடும். கார்டின் ஓரத்தில் அரிசி அளவு ஸ்விட்சுகள் நான்கு. ஏ என்றால் எல்லாம் கீழே, பி என்றால் முதலாவது மேலே. இரண்டு கட்டைவிரலாலும் ஒரே மாதிரி அழுத்தி உட்கார வைக்க வேண்டும். அதோடு முடியவில்லை. மின்சாரம் போன கணமே மெமரி எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகையால் புதிதாக உட்கார்ந்த கார்டு வெற்றுப் பலகை. விசைப்பலகையில் உத்தரவு அடித்து, ஏ-யில் இருப்பதை பி-க்குப் படி எடுக்கச் சொன்னால், ஏழெட்டு நிமிஷத்தில் ஜோடி சேர்ந்தது என்று பிரிண்டர் ஒரு வரி அடிக்கும். அந்த வரியிலிருந்து முப்பது நாள். நடுவில் ஜோடி ஒரு நிமிஷம் பிரிந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

எனக்குத் துணை என்று இருந்தவர் லைன்மேன் ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். மானாம்பதிப் பக்கம் கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி உழவு மாடு. காலை ஆறு மணிக்கு எக்ஸ்சேஞ்சைத் திறந்து, பேட்டரிகளைப் பார்த்து, எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கூட்டிப் பெருக்கிவிட்டுத் தன் கம்பங்களைப் பார்க்கப் போய்விடுவார். நான் ஒன்பது மணிக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலூர் போய்விடுவதால், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மணிக்கட்டுப் பட்டை கட்டவும், கார்டை எடுத்துச் சொருகவும், அலாரம் அடித்தால் பொத்தானை அழுத்தி நிறுத்தவும் அவருக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரம் பழகினார். கைக்குழந்தையை எடுப்பது போல எடுப்பார், என்னைவிட ஒழுங்காகச் சொருகுவார். விசைப்பலகை ஆங்கிலம், அது அவருக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் பொங்கல் கழிந்து ஜோடி சேர்த்தேன். ஒன்பதோ பத்தோ நாள் ஓடியது. ஒருநாள் காலை வந்து பார்த்தால் பிரிண்டரில் ஒரு வரி: ஆறு மணி சில நிமிஷத்துக்கு பி இல்லை. கார்டு செத்துப் போனாலும் இயந்திரம் அதையேதான் அடிக்கும், இடத்தில் இல்லாவிட்டாலும் அதையேதான் அடிக்கும். கண்ணெதிரே கார்டு சமத்தாக உட்கார்ந்திருந்தது. ஆகையால் கார்டில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். புது இயந்திரம், பல் முளைக்கிற காலத்தில் காய்ச்சல் வரத்தானே செய்யும் என்று மறுபடி படி எடுத்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலூரில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். சமையலறைக் கதவின் பின்னால் தினம் ஒரு சாக்பீஸ் கோடு போடு, முப்பது கோடு ஆனதும் அம்மா வந்துவிடுவேன். அவள் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, முப்பது ரொம்ப இல்லையே என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இருபத்தொன்பது கோடு போட்டாள். முப்பதாவது நாள் காலை, ஆறு மணிக்கு மேல் ஏழு நிமிஷத்துக்கு, பி இல்லை.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், அறையில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான். பிறகு மூளையை உபயோகித்தேன். காலை ஆறு மணிக்குத்தான் பம்புசெட்டுகளுக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் விடுவார்கள். சுற்றுவட்டாரத்து மோட்டார் அத்தனையும் ஒன்றாக உறுமும். வோல்டேஜ் குதித்து பி-யை உதைக்கிறது, சந்தேகமே இல்லை. ஸ்டெபிலைசர் கேட்டு எழுதினேன், வந்தது. கார்டின் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். லைன்மேனிடம் எர்த் குழியில் உப்பும் கரியும் போடச் சொன்னேன், போட்டார். மறுபடி ஒன்று.

பங்குனியில் இருபத்தொன்பதாவது நாள். புது பி கார்டு வரவழைத்துப் போட்டேன். சித்திரையில் மறுபடி இருபத்தொன்பது. வேறெந்த நாளிலாவது கெட்டுத் தொலைந்தால் மனசு ஆறியிருக்கும். கரை ஏறுகிற சமயத்தில் காலைப் பிடித்து இழுக்கிற முதலை எந்தக் குட்டையில் இருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் பிரிண்டர் சொன்ன நேரத்தையும் கோளாறையும் கைக்கு அகப்பட்ட தாளில், அதாவது அன்றைய தேதித் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம், குறித்து ஆணியில் குத்தி வைப்பேன். பிறகு அதைப் பார்த்து ஆங்கிலத்தில் பெரிய கடிதம் எழுதுவேன். பதில்களும் பெரிதாகவே வந்தன. இருபத்தொன்பது நாள் என்பது முக்கியமான தடயம் என்று இயந்திரம் செய்தவர்கள் கண்டுபிடித்தார்கள். புரோகிராமுக்குள் எங்கேயோ நேரத்தை எண்ணுகிற கவுண்டர் ஒன்று இருபத்தொன்பது நாளில் நிரம்பி வழிகிறதாம். புது சிப் எழுதி அனுப்புகிறோம், பொறுங்கள் என்றார்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரியிடம் இருபத்தொன்பதை முப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாதா, ஒரு நாளில் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்டேன். இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"முப்பதுன்னா முப்பதும்மா. இருபத்தொம்போதுல நிக்கற மெஷினை நம்பி எப்படி ஆளை எடுக்கறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, காஞ்சிபுரத்தில் மாறி, தாமல் ஏரி தாண்டும்போதே என்ன பொய் சொல்வது என்று யோசிக்க ஆரம்பிப்பேன். சித்திரை முடிந்து போன முறை கதவின் பின்னால் பார்த்தேன். கோடுகள் ஆறோடு நின்றிருந்தன. ஏன் போடவில்லை என்றதற்கு, அத்தை சாக்பீஸைச் சிலேட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னதாக மகள் சொன்னாள். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. குழந்தை என் மனம் நோகாமல் இருக்கப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள்.

வைகாசியில், பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, இருபத்தொன்பதாவது நாள் காலை ஒன்பது மணிக்கு எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தேன். பிரிண்டரைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். ஒரு வரி. இந்த முறை திட்டக்கூடத் தெம்பு இல்லை. அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துக் குறித்தேன். கடைசியாக ஒரு கடிதம் எழுதிவிடுவோம், இனி என்னால் ஆகாது, வேறு ஆளைப் போடுங்கள் என்று எழுதிவிடுவோம் என்று ஆணியிலிருந்து பழைய தாள்களையும் உருவி மேஜையில் வரிசையாக வைத்தேன். ஐந்து தாள். மின்விசிறியைப் போட்டதும் இரண்டு பறந்து தரையில் குப்புற விழுந்தன. பொறுக்கக் குனிந்தேன்.

இரண்டின் முன்பக்கத்திலும் கறுப்பு வட்டம். அமாவாசை.

மேஜையில் இருந்த மூன்றையும் திருப்பினேன். கறுப்பு வட்டம், கறுப்பு வட்டம், கறுப்பு வட்டம். அமாவாசைக்கும் அப்துல் காதருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்களே, அது அன்றைக்குத்தான் என் முன்னால் வந்து நின்றது. நான் சாப்பிட்ட மெஸ்ஸில் ஒவ்வொரு கோளாறு நாளும் வாழைக்காய்ப் பொரியல் போட்டது ஞாபகம் வந்தது. ஐந்து மாசமாக வாழைக்காய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. சிப் செய்கிறவர்களுக்கும் தெரியவில்லை. அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பது, மிஞ்சினால் முப்பது. எந்த முப்பது நாளை எடுத்தாலும் உள்ளே ஒரு அமாவாசை இருக்கும். இந்த ஜென்மத்தில் நான் தேறியிருக்க முடியாது.

லைன்மேன் பின்பக்கம் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் பட்டையாக விபூதி. அமாவாசை அன்று காலையில் இந்த ரேக்குக்கு என்ன நடக்கிறது என்று கேட்டேன். ஒளிக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. சுருட்டிய ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடி சொன்னார்.

"அம்மாவாசைக்கு ஏர் பூட்ற ஊரு எங்கனா உண்டாம்மா? ரெண்டு மாட்ட பூட்டி வெச்சிக்கீறோம். ஒண்ணு இஸ்துக்கினு போவுது, இன்னொண்ணு சும்மா கூடவே நடந்துக்கினு கீது. நடக்கறதும் வேலதானே? ரெண்டயும் அவுத்தா ஊருக்கு டெலிபோன் நின்னுடும், அது எனக்குத் தெரியும். அதான் ஒண்ண மட்டும் ரெண்டு மணி நேரம் அவுத்து வுட்டேன். பட்ட கட்டிக்கினுதான் எட்த்தேன், நீங்க சொல்லிக் குட்த்த மாதிரியே."

ஆறு மணிக்கு எடுத்து, சலவைத் துண்டின் மேல் வைத்து, கற்பூரம் காட்டி, எட்டு மணிக்குத் திரும்பச் சொருகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போய் முன்னோருக்குப் படைப்பாராம். சொருகியதும் அது வெறும் பலகையாக உட்கார்ந்திருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லையே.

நான் கத்தினேன். பெண்பிள்ளை என்றோ அவர் வயது என்றோ பார்க்காமல் கத்தினேன். ஐந்து மாசம், என் பெண், பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் சொன்னேன். மேலே எழுதிவிடுவேன் என்றேன். இதைச் செய்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா என்றும் கேட்டேன். அவர் அதுவரை தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கேள்விக்கு மட்டும் நிமிர்ந்தார்.

"எழுதி வெச்சிக்கீறனேம்மா. நீங்க கையெழுத்து போட்டுக்கீறீங்களே."

லைன்மேன் டைரி என்று ஒரு நோட்டு உண்டு. எந்தக் கம்பம் சாய்ந்தது, எந்த ஒயரில் கொடி ஏறியது என்று அவர் தினமும் எழுதுவார், வாரா வாரம் நான் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய பெரிய எழுத்து, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் தோளில் பையோடு, பஸ் போய்விடப் போகிறதே என்று நின்றபடியே போடுவேன். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். தையிலிருந்து பார்த்தேன். கம்பம், கொடி, கம்பம், ஓணான். அப்புறம்: அமாவாசை, பி கார்டுக்கு ரெண்டு மணி நேரம் ஓய்வு குடுத்தேன். நேரத்தைக்கூட எழுதியிருந்தார். மாசியிலும் அப்படியே, பங்குனியிலும், சித்திரையிலும். வாரக் கடைசியில், கோணலாக, அவசரமாக, என் கையெழுத்து. பிரிண்டர் ஆங்கிலத்தில் அடித்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஐந்து மாசம் ஊரெல்லாம் கடிதம் எழுதியிருக்கிறேன். பக்கத்து மேஜையில் தமிழில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. இயந்திரத்துக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பதிவு வேண்டும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான்.

மேலே எழுதவில்லை. எந்த முகத்தோடு எழுதுவது? பி-க்குப் படி எடுத்தேன். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கார்டை எடுத்தால் அது என்னவெல்லாம் மறந்துபோகும் என்று முதல் தடவையாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். மாடு அவிழ்த்துவிட்டாலும் வழி மறக்காதே என்று ஒரு சந்தேகம் கேட்டார். இது மறக்கும் என்றேன். அப்படியானால் மாடே தேவலை என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த நாளில் மகளை நாத்தனார்தான் கூட்டிக்கொண்டு போனார். அன்று காலை எக்ஸ்சேஞ்சிலிருந்து வேலூரில் எங்கள் எதிர்வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். குழந்தை அப்போதே கிளம்பிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். புது ரிப்பன் கட்டியிருந்தாளாம். லைன் மிகத் தெளிவாக இருந்தது.

அதே வாரத்தில் புது சிப் வந்து சேர்ந்தது. போட்டேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். ஆனி அமாவாசை அன்று ஐந்தே முக்காலுக்கே போய் எக்ஸ்சேஞ்ச் வாசலில் உட்கார்ந்துகொண்டேன், அவரை நம்பாமல் இல்லை, என்னையே நம்பாமல். அவர் வந்தார், ரேக்குக்கு வெளியிலிருந்தே கற்பூரம் காட்டினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், குடத்தை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனார். முப்பது நாள் முடிந்தது. தங்கள் சிப்தான் கோளாறைத் தீர்த்தது என்று இயந்திரம் செய்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஆடியில் எனக்கு வேலூர் உத்தரவு வந்தது. புறப்படுகிற அன்று லைன்மேன் டைரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் ஒரு பஸ் போய்விட்டது, போகட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்கு வந்தால் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மகள் பள்ளிக்கூடம் விட்டதும் முதலில் அடுத்த தெருவுக்குத்தான் போவாள். அங்கே டிபன் சாப்பிட்டுவிட்டு, அங்கே வீட்டுப்பாடம் முடித்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். நாத்தனார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். குழந்தை கேட்டுக்கொள்வாள், மறுநாளும் அங்கேதான் போவாள். நான் யாரைக் குறை சொல்ல?

காலாண்டுப் பரீட்சை முடிந்து ஒரு சாயங்காலம் பிராக்ரஸ் கார்டோடு வந்து நின்றாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது. நான் அதைக் கையில் வாங்கிப் பிரித்ததும், என் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவளே நீட்டினாள்.

"அத்தை எல்லாத்தையும் படிச்சிட்டாங்கம்மா. நீ கையெழுத்து மட்டும் போடு."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்றுதான் சொன்னாள். பேனாவை வாங்கி மூடி வைத்துவிட்டு, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தேன்.